முத்தும் தியரியும்

"பரிணாமம் வெறும் தியரிதானே சார்?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நம்ம ஊர் முத்தை வைத்தே சொல்கிறேன்.

மன்னார் வளைகுடாச் சிப்பியில் முத்து விளைவது கொற்கைக் காலம் முதல் எல்லோரும் கண்ட உண்மை. எப்படி விளைகிறது என்ற விளக்கம்தான் மாறிக்கொண்டே வந்தது. சிப்பி வாயில் மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்றார்கள். 1902இல் இலங்கைப் பக்கத்து முத்துப்பார்களை ஆராய வந்த ஹெர்ட்மனும் ஹார்னெலும் நாடாப்புழுவின் குஞ்சுதான் காரணம் என்றார்கள். அதுவும் நிற்கவில்லை. ஓட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய தோலின் செல்கள் உள்ளே போய்ப் பையாக வளர்ந்து முத்துப்பொருளைச் சுரக்கின்றன என்பது பிறகு தெளிவானது. இந்தத் தியரியை வைத்துத்தான் 1973இல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி, சிப்பிக்குள் ஒரு மணியையும் தோல்துண்டையும் வைத்து முத்து விளைவித்தார். வெறும் ஊகத்தில் முத்து விளையுமா? புழு விளக்கம் தோற்றபோது எந்த முத்தும் கரைந்தும் போகவில்லை!

உயிரினங்கள் தலைமுறைதோறும் மாறிவந்தது முத்தைப் போல. பாறைக்குள் புதைபடிவமாகச் சாட்சி கிடக்கிறது. 1859இல் டார்வின் எழுதிய இயற்கைத் தேர்வு, அதற்கான விளக்கம். பெற்றோர் குணம் பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பதில் அவர் தவறினார். மெண்டலின் பட்டாணிச் செடிகள் அதைத் திருத்தின.

2023இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டார்கள். பத்தோடு அறிவியலை விடுகிற பிள்ளை இதை இனி எந்த வகுப்பில் படிக்கும்?