முகம் பார்த்து விலை சொல்லாத கடை

கடைக்குள் நுழைந்ததும் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம் விலை சொல்லும் வியாபாரியை எல்லோருக்கும் தெரியும். 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) பட்டு வியாபாரமே இப்படித்தான் நடந்தது. பெரிய கடைக்காரர்கள் துணியை எடுத்துக்கொண்டு பிரபுக்கள் வீட்டுக்கும் பணக்காரர்கள் வீட்டுக்கும் போவார்கள். எல்லாம் கடன்தான். பணம் வருஷத்தில் ஓரிரு முறைதான் கைக்கு வரும், சில சமயம் வராமலே போகும்! அந்த நஷ்டத்தையும் சேர்த்து விலையை ஏற்றி வைப்பார்கள், பிறகு பேரம். துணியும் முழுச் சுருளாகத்தான் கிடைக்கும். சாதாரண ஜனங்களை யாரும் வாடிக்கையாளராகவே நினைக்கவில்லை.

1673-ல் மிட்சுயி தகதோஷி என்பவர் அங்கே எச்சிகோயா என்ற துணிக்கடையை ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது (புதுசாக யோசிக்க இளைஞனாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?). ரொக்கம் மட்டும், யார் வந்தாலும் ஒரே விலை. இதுதான் அந்தக் கடையின் வழி. கேட்ட அளவுக்குத் துணியை வெட்டிக் கொடுத்தார்கள். அவசரமென்றால் அங்கேயே தைத்தும் கொடுத்தார்கள். மழை வந்தால் கடையின் பெயர் போட்ட குடையை இரவல் தந்தார்கள்.

குடை விளம்பரம்தானே என்று கேட்கலாம். ஆமாம், விளம்பரம்தான். ஆனால் வாங்கிப் போனவர் நனையவில்லையே! ஒரே விலையும் தர்மம் இல்லை, கணக்கு. ரொக்கம் உடனே வந்தால் குறைந்த லாபத்தில் நிறைய விற்கலாம். கையில் காசில்லாதவருக்கு இங்கே இடமில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் பேரம் பேசத் தெரியாத ஒரு ஏழைக்கு அந்த ஒரே விலை எவ்வளவு பெரிய மரியாதை! ‘என்னை ஏமாற்றிவிட்டார்களோ’ என்று அவர் வழியெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை. விற்பவரும் ஆளை எடை போட வேண்டியதில்லை.

போட்டிக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஒதுக்கி வைத்தார்கள். எச்சிகோயாவின் சமையற்கட்டுப் பக்கத்திலேயே ஒரு கழிப்பிடம் கட்ட வைத்தார்கள் என்றுகூடச் சொல்வார்கள். 1683-ல் கடை சுருகாச்சோ பகுதிக்கு மாறியது. வியாபார முறை மாறவில்லை. பிற்காலத்தில் ஓவியர் ஹொகுசாய் ஃபுஜி மலையை வரைந்த படங்களில் ஒன்றில் இந்தக் கடையின் கூரையும் வருகிறது. அதிலுள்ள பலகையில் எழுதியிருப்பது: ரொக்கம், கூட்டிச் சொல்லாத விலை.