குழு அரட்டை வழங்கி

குழு அரட்டை வழங்கி என்பது வலையமைப்பில் இணைந்துள்ள பயனர் ஒருவர் அனுப்பும் செய்தியை அதே அறையில் உள்ள ஏனைய பயனர் அனைவருக்கும் உடனுக்குடன் படியெடுத்து அனுப்பும் கணினி நிரல் ஆகும். பயனரின் கணினியில் இயங்கும் நிரல் வாங்கி எனப்படும். இவை இரண்டும் சாக்கெட் எனப்படும் இயங்குதள வசதியின் வழியே உரையாடுகின்றன. இவ்வகை நிரல்களுள் பெயர்பெற்றது ஐ.ஆர்.சி. ஆகும். வலையமைப்பு நிரலாக்கம் கற்போருக்கு முதற் பயிற்சியாகப் பெரும்பாலும் தரப்படுவதும் இத்தகைய வழங்கியே.

வரலாறு

சாக்கெட் நிரலாக்க இடைமுகம் 1983 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வெளியான 4.2 பி.எஸ்.டி. யுனிக்ஸ் இயங்குதளத்துடன் பரவலானது. கோப்பைப் போலவே ஓர் எண்ணைக் கொண்டு வலையமைப்பு இணைப்பையும் படிக்கவும் எழுதவும் இயலும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. விண்டோசு இயங்குதளத்திற்கான வின்சாக், ஜாவா, பைத்தான் முதலியவை பின்னர் இம்முறையையே பின்பற்றின.

பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யார்க்கோ ஒய்க்காரினென் 1988 ஆகஸ்ட் மாதத்தில் ஐ.ஆர்.சி.யை எழுதினார். அங்கிருந்த அறிவிப்புப் பலகைக் கணினியின் பல்பயனர் உரையாடல் நிரலுக்கு மாற்றாகவே இது எழுதப்பட்டது. 1991 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியத்தில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நிகழ்ந்தபோது நிகழ்வுகளை வெளியுலகுக்குத் தெரிவிக்க ஐ.ஆர்.சி. பயன்பட்டது. இதன் நெறிமுறை 1993 மே மாதத்தில் ஆர்.எப்.சி. 1459 என்னும் ஆவணமாக வெளியானது.

இயங்கும் முறை

வழங்கி முதலில் சாக்கெட் ஒன்றை உருவாக்கி, அதை ஒரு போர்ட் எண்ணுடன் பிணைத்து, இணைப்புகளுக்காகக் காத்திருக்கும். ஐ.ஆர்.சி.யில் இந்த எண் வழக்கமாக 6667 ஆகும். யுனிக்சில் 1024க்குக் குறைவான எண்களைப் பயன்படுத்த மரபாக நிர்வாகி உரிமை தேவைப்படும். ஒரு பயனர் இணைந்தவுடன் 'அக்செப்ட்' என்னும் செயற்கூறு அவருக்கென ஒரு புதிய சாக்கெட்டைத் தரும். நூறு பயனர் இருப்பின் நூறு சாக்கெட்டுகள் இருக்கும். காத்திருக்கும் சாக்கெட் அவற்றுடன் கூடுதலாக ஒன்று.

சாக்கெட்டிலிருந்து படிக்கும் செயற்கூறு, தரவு வரும் வரை நிரலை அங்கேயே நிறுத்திவிடும். உணவகத்தில் பரிமாறுபவர், ஒருவர் என்ன வேண்டும் எனக் கூறும் வரை அவர் மேசையருகிலேயே நின்றுவிடுவதைப் போன்றது இது. பயனர் ஒவ்வொருவருக்கும் தனி இழையை ஒதுக்குவது ஒரு தீர்வு. இதில் பயனர் பட்டியலை எல்லா இழைகளும் பகிர்வதால் பூட்டு அவசியம். பூட்டை மறந்த நிரல் சோதனையில் நன்றாக இயங்கிப் பின்னொரு நாள் காரணம் புலப்படாமல் நின்றுபோகும். மற்றொரு தீர்வு 'செலக்ட்' ஆகும். எந்தெந்தச் சாக்கெட்டில் தரவு வந்துள்ளது என்பதை இது ஒரே அழைப்பில் கூறுகிறது. லினக்சில் இது வழக்கமாக 1024க்குக் குறைவான எண்ணுடைய சாக்கெட்டுகளையே கையாளும். 'ஈபோல்', 'கேகியூ' போன்றவை இவ்வரம்பின்றி இயங்குகின்றன. சில பத்துப் பேர் உள்ள அறைக்குச் 'செலக்ட்' போதுமானது.

செய்தியின் எல்லை

டி.சி.பி. நெறிமுறை பைட்டுகளின் வரிசையை மட்டுமே உறுதி செய்கிறது. ஒரு செய்தி எங்கு முடிகிறது என்பதை அது அறியாது. இரு முறை அனுப்பியவை ஒன்றாகச் சேர்ந்தும் வரலாம், ஒரு முறை அனுப்பியது துண்டுகளாகவும் வரலாம். வழங்கியையும் வாங்கியையும் ஒரே கணினியில் இயக்கிப் பார்க்கும்போது இக்குறை அரிதாகவே வெளிப்படும். தொடக்க நிலை நிரல்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுவே.

ஐ.ஆர்.சி. ஒவ்வொரு செய்தியையும் வரிமுடிவுக் குறிகளால் முடிக்கிறது, ஆர்.எப்.சி. 1459 இன்படி அக்குறிகள் இரண்டும் உட்பட ஒரு செய்தி 512 பைட்டுகளை மீறலாகாது. எனவே வழங்கி பயனர் ஒவ்வொருவருக்கும் தனி இடையகம் வைத்து, வரிமுடிவு வரும் வரை பைட்டுகளைச் சேர்த்துவைக்க வேண்டும். இடையகத்திற்கு உச்சவரம்பும் தேவை. இல்லையெனில் வரிமுடிவே இன்றித் தொடர்ந்து அனுப்பும் ஒருவர் வழங்கியின் நினைவகம் முழுவதையும் நிரப்பிவிட இயலும்.

தமிழ் போன்ற மொழிகளில் இது மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. யு.டி.எப்.-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். 'வணக்கம்' என்னும் சொல்லில் 7 குறியீடுகள் உள்ளதால் அது 21 பைட்டுகளாகும். ஆகவே ஒரு செய்தியில் 170 குறியீடுகளுக்கு மேல் அடங்கா. கட்டளை, அனுப்புநர் பெயர் ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். வந்த துண்டை உடனே எழுத்தாக மாற்றும் நிரலில், துண்டு ஒரு குறியீட்டின் நடுவே முடிந்தால் அவ்வெழுத்து சிதைந்து கேள்விக்குறிகளாகத் தோன்றும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் இதை ஒருபோதும் காணமாட்டார். முழு வரியும் சேர்ந்த பின்னரே மாற்றுவது சரியான முறை. பல பைட்டுக் குறியீடுகளின் எல்லாப் பைட்டுகளும் 128 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புடையவை என்பதால், வரிமுடிவுக் குறி அவற்றினுள் தவறுதலாகத் தோன்ற வாய்ப்பில்லை.

பயனர் விலகலும் தாமதமும்

பயனர் முறையாக வெளியேறினால் படிக்கும் செயற்கூறு சுழியத்தைத் திருப்பும். மின்தடையால் கணினி அணைந்தால் எந்த அறிகுறியும் வராது. இதனால் ஐ.ஆர்.சி. வழங்கி அவ்வப்போது 'பிங்' அனுப்பி, 'பாங்' என்னும் மறுமொழி வராத இணைப்பைத் துண்டிக்கிறது. மறுமுனை மூடிய சாக்கெட்டில் எழுதினால் யுனிக்ஸ் இயல்பாக அந்நிரலையே நிறுத்திவிடும். ஒருவர் வெளியேறியதற்காக அறை முழுவதும் கலைந்துபோகும். இதற்கான குறிகையைப் புறக்கணிக்குமாறு நிரலில் முன்னரே எழுதவேண்டும்.

மெதுவான இணைப்புடைய பயனர் மற்றொரு இடர். அவருக்கான இடையகம் நிரம்பியதும் எழுதும் செயற்கூறு காத்திருக்கத் தொடங்கும்; ஏனையோரும் அவருடன் சேர்ந்து காத்திருப்பர். ஆகவே சாக்கெட்டுகளைக் காத்திராத நிலைக்கு மாற்றி, பயனர்வாரியாக வெளிச்செல்லும் வரிசை அமைத்து, அவ்வரிசை வரம்பை மீறியவரைத் துண்டிப்பது வழக்கம்.

வலையமைப்புப் பிளவு

ஐ.ஆர்.சி.யில் பல வழங்கிகள் சுழற்சியற்ற மர வடிவில் இணைக்கப்படுகின்றன. இரு வழங்கிகளுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால் அறை இரண்டாகப் பிரியும். ஆளில்லாத அறையில் முதலில் நுழைபவருக்கே மேலாளர் உரிமை கிடைக்கும் என்பதால், பிளவின்போது வெறுமையான பக்கத்தில் நுழைந்து அறையைக் கைப்பற்றும் வழக்கம் 1990களில் இருந்தது. அறை உருவான நேரத்தை வழங்கிகள் ஒப்பிட்டு, பழைய அறையின் மேலாளர்களையே ஏற்கும் முறை பின்னர் சேர்க்கப்பட்டது.