பீட்டில்ஸ் பாடிய அடுத்தவர் பாட்டுகள்

விடுதியில் என் அறைக்கு எதிர் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது நண்பர்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதில் 'பீட்டில்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். மூன்றாம் ஆண்டு கலைவிழாவில் நம்ம பசங்க 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' வாசித்தபோது (வாசித்தார்கள் என்பது மரியாதைக்காக), "இது ஜான் லெனன் எழுதிய பாட்டு" என்று மைக்கில் முழங்கியவன் அடியேன்தான். கூட்டத்தில் ஒருத்தரும் மறுக்கவில்லை. அது தப்பு என்று எனக்குத் தெரியவே பல வருஷம் ஆனது. மலருக்குக் கட்டுரை கேட்டவுடன், அந்தக் கணக்கை நேர் செய்துவிடலாம் என்று தோன்றியது.

அந்தப் பாட்டை எழுதியவர்கள் அமெரிக்காவின் பெர்ட் பெர்ன்ஸும் ஃபில் மெட்லியும். 1961-ல் டாப் நோட்ஸ் என்ற குழு முதலில் பதிவு செய்தது. பெர்ன்ஸுக்கு அது பிடிக்கவே இல்லை. மறு வருஷம் ஐஸ்லி பிரதர்ஸ் என்ற கறுப்பினச் சகோதரர்களைப் பாட வைத்துத் தானே பதிவு செய்தார். அதைக் கேட்டுத்தான் லிவர்பூல் பையன்கள் கற்றுக்கொண்டார்கள்.

அடுத்தவர் பாட்டு எதற்கு என்று கேட்கலாம். 1960 ஆகஸ்டில் அவர்கள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்குப் போனார்கள். அங்கே கிளப் மேடையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். வார இறுதி என்றால் எட்டு மணி நேரம்கூட ஆகும். சொந்தச் சரக்கு அவ்வளவு கிடையாது. ஊருக்குத் திரும்பினாலோ எல்லாக் குழுவும் ஒரே பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தது. அதனால் யார் கண்ணிலும் படாத பாட்டைத் தேடி, ரெக்கார்டின் பின்பக்கத்தையும் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். 'பாய்ஸ்' அப்படிக் கிடைத்ததுதான். ஷிரெல்ஸ் என்ற பெண்கள் குழு பையன்களைப் பற்றிப் பாடியது. அதை ரிங்கோ கூச்சமே இல்லாமல் பாடினார். நம்ம விடுதியில் ஒருத்தன் அப்படிப் பாடியிருந்தால் நாலு வருஷமும் ஓட்டியே கொன்றிருப்போம்.

1963 பிப்ரவரி 11. லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவில் ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்து முதல் ஆல்பத்தை முடித்தார்கள். லெனனுக்கு அன்று கடும் ஜலதோஷம். காலையிலிருந்து பாடித் தொண்டை போய்விட்டது. 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' என்றால் இருக்கிற குரலும் போய்விடும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். இரவு பத்து மணி வாக்கில், தொண்டைக்குப் பாலைக் குடித்துவிட்டு லெனன் கத்தினார். முதல் டேக்கே ஓகே. இரண்டாவது முயன்றபோது குரலே இல்லை. நாம் கேட்பது அந்த முதல் டேக்தான். அந்த மெஷினில் இருந்ததோ இரண்டே டிராக். இன்றைக்கு மாதிரி வரி வரியாக வெட்டி ஒட்டிச் சரிசெய்யும் கதையெல்லாம் நடக்காது. நம்ம துறைக்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

முதல் ஆல்பத்தில் 14 பாட்டில் ஆறு அடுத்தவருடையது. இரண்டாவதிலும் அதே கணக்கு. 1964-ன் 'எ ஹார்ட் டேஸ் நைட்' முழுக்கச் சொந்தம். அதே வருஷக் கடைசியில், ஊர் ஊராகச் சுற்றிய களைப்பில், பழைய மேடைப் பாட்டுகளுக்கே திரும்பி மறுபடி ஆறு. 1965-ன் 'ஹெல்ப்'பில் இரண்டு. அதோடு சரி, 1970-ல் 'மேகி மே' என்ற லிவர்பூல் நாட்டுப்பாடல் மட்டும் ஒரு நிமிஷத்துக்குள் வந்து போகும்.

இவற்றில் எனக்கு உயிர் 'அன்னா'தான். எழுதிப் பாடியவர் அலபாமாவில் பிறந்த ஆர்தர் அலெக்ஸாண்டர், 1962-ல். காதலியை இன்னொருவனிடம் அவனே அனுப்பி வைக்கும் பாட்டு. மூலத்தில் பியானோ வாசிக்கும் சின்னத் துணுக்கை ஜார்ஜ் ஹாரிசன் கிடாரில் எடுப்பார். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், பாப் டிலன் மூன்று பேருமே இந்த மனிதரின் பாட்டுகளைப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பின்னாளில் இசைத் தொழிலையே விட்டுவிட்டுக் கிளீவ்லாந்தில் பஸ் ஓட்டினார். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

'மணி' பாட்டின் கதையும் சுகமில்லை. 1959-ல் அதைப் பாடிய பாரெட் ஸ்ட்ராங்குக்கு அப்போது 18 வயது. பதிப்புரிமைப் பதிவில் எழுதியவர்களில் ஒருவராக அவர் பெயரும் இருந்தது. 1962-ல் அது நீக்கப்பட்டது. 1987-ல் திரும்பச் சேர்ந்தது. மறு வருஷமே மறுபடி போனது. பாட்டில் தமக்குப் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் 2023-ல் காலமானார்.

பீட்டில்ஸ் மேல் பழி போடவில்லை. தாங்கள் யாரிடம் கற்றோம் என்பதைப் பேட்டிகளில் அவர்கள் மறைத்ததில்லை. ரெக்கார்டிலும் எழுதியவர் பெயர் அச்சாகியிருந்தது. நம்ம ஃபோல்டரில்தான் அது இல்லை.

அலெக்ஸாண்டர் 1993-ல் பல வருஷம் கழித்து ஒரு புது ஆல்பம் வெளியிட்டார். சில வாரங்களில், அந்த ஜூனிலேயே இறந்துபோனார். நம்ம குழு இந்தச் சந்திப்பில் மேடை ஏறினால் 'அன்னா'வையும் வாசியுங்கள் மச்சான்களே. மைக்கை மட்டும் என்னிடம் கொடுங்கள்; இந்தத் தடவை பெயரைச் சரியாகச் சொல்கிறேன்.