வீண்செலவு என்ற சொல்லின் வரலாறு

அரசாங்கத்தின் வீண்செலவைக் கண்டிக்காத அரசியல்வாதி எந்த நாட்டிலும் இலன். ஆளுங்கட்சி எதிர்க்கட்சியாகும்பொழுது அக்கண்டனத்தின் தொனி உயர்வதும், எதிர்க்கட்சி ஆட்சிபீடம் ஏறும்பொழுது அது தாழ்வதும் நாம் காண்பனவே. மக்களின் வரிப்பணத்தை மக்களின் பிரதிநிதிகள் காவல் செய்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் எச்செலவு வீண், எச்செலவு வீணன்று என அளந்து கூறும் கோலைக் கையில் வைத்திருப்போர் யாவர் என்னும் வினாவை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பாராளுமன்றத்தின் நிதிக் கட்டுப்பாட்டை ஓர் ஒழுங்கான வளர்ச்சிக் கதையாகச் சொல்லி அவை அமைந்துவிடுகின்றன. நமது பாராளுமன்றத்துக்கு மாதிரியாக வாய்த்த இங்கிலாந்தின் வரலாற்றை வைத்தே அவ்வினாவை ஈண்டு எழுப்பிப் பார்ப்போம்.

1780ஆம் ஆண்டு. அமெரிக்கக் குடியேற்றங்களுடன் நடந்த போர் இங்கிலாந்தின் திறைசேரியை வற்றச் செய்துகொண்டிருந்தது. யோர்க்ஷயரில் நிலவுடைமையாளர் கூடித் தொடங்கிய விண்ணப்ப இயக்கம் பிற மாவட்டங்களுக்கும் பரவிற்று. அவ்வதிருப்தியின் குரலாகப் பெப்ரவரி 11ஆந் திகதி பொதுமக்கள் சபையில் எழுந்தவர் எட்மன்ட் பேர்க். வேலையில்லாத உத்தியோகங்கள் அரண்மனையை நிறைத்திருந்தன. அரசனின் அடுக்களையில் இறைச்சி சுழற்றும் பதவி வகித்தவரும் பாராளுமன்ற உறுப்பினரே என்று அவர் எள்ளி நகையாடினார். படைகளுக்குச் சம்பளம் வழங்கும் பொறுப்பாளர் தம்மிடம் தங்கிய பொதுப்பணத்தைத் தம் சொந்தப் பணம்போல் வைத்திருந்து இலாபம் ஈட்டுதல் அக்காலத்தில் குற்றமாகக் கருதப்படவில்லை. ஹென்றி ஃபொக்ஸ் என்பார் அப்பதவியிலிருந்தே பெருஞ்செல்வம் திரட்டினார். 1782ஆம் ஆண்டுச் சட்டம் நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய பதவிகளை ஒழித்தது.

ஒழிக்கப்பட்டவை வெறும் பதவிகள் மட்டுமல்ல. அவை அரசன் பாராளுமன்ற வாக்குகளை விலைக்கு வாங்கும் கருவிகள். பதவி ஒன்று ஒழிந்தால் அரசன் பக்கத்து வாக்கு ஒன்று ஒழிந்தது. ஆதலின் பேர்க்கின் சிக்கனச் சீர்திருத்தத்தை முடிக்கு எதிராகப் பிரபுக்குலம் நடத்திய போராட்டத்தின் ஓர் அங்கம் எனக் கொள்வதே பொருந்தும். உழுது வரி கொடுத்தவன் அப்போராட்டத்தில் பார்வையாளன்கூட அல்லன். 1790இல் பிரெஞ்சுப் புரட்சியை வசைபாடி நூல் எழுதிய பேர்க், சில ஆண்டுகளின் பின் தாமே அரச ஓய்வூதியம் பெற்று, அதன்பொருட்டுப் பிரபு ஒருவரின் தாக்குதலுக்கு ஆளானார் என்பது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

அடுத்து வருபவர் நம் கவனத்துக்கு மேலும் உரியவர். ஜோசப் ஹியூம் ஸ்கொத்லாந்தின் மொன்றோஸ் பட்டினத்தில் 1777இல் பிறந்தவர். கப்பல் தலைவரான தந்தை இளமையிலேயே இறக்க, மண்பாண்டம் விற்றுத் தாய் அவரை வளர்த்தார். கிழக்கிந்தியக் கொம்பனியில் வைத்தியராகச் சேர்ந்து, வங்காளத்தில் பணியாற்றி, மராட்டியப் போர்க் காலத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் உணவு விநியோகத்திலும் பொருளீட்டி, முப்பது வயதளவில் செல்வந்தராக நாடு திரும்பினார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்தின் தீவிரவாதி ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது என்று கூறினும் தவறில்லை. 1818 முதல் 1855இல் மறையும் வரை, சிறு இடைவெளிகள் நீங்கலாக, அவர் செலவு மதிப்பீடுகளை வரிவரியாக ஆராய்ந்தார்; இனந்தோறும் எழுந்து நின்று கணக்குக் கேட்டார். மந்திரிமார் சலித்தனர், சபை சிரித்தது. அவர் அமர்ந்தாரல்லர். விக் கட்சியார் சமாதானம், சீர்திருத்தம் என்று முழங்கியபோது அவற்றின் நடுவே செலவுக் குறைப்பு என்ற சொல்லையும் நுழைத்தவர் அவரே என்பர்.

இம்மனிதரைத் தொழிலாளி வர்க்கம் மறத்தல் இயலாது. தொழிலாளர் சங்கம் அமைப்பதைக் குற்றமாக்கிய சட்டங்கள் 1824இல் நீக்கப்பட்டமைக்குத் தையற்காரரான பிரான்சிஸ் பிளேஸ் வெளியிலும் ஹியூம் சபையிலும் செய்த வேலையே காரணம். இலங்கையரும் அவரை நினைவுகூரக் காரணம் உண்டு. 1848இல் நாய்வரி, துப்பாக்கி வரி, கடைவரி, ஆறு நாள் வீதி வேலை என அடுக்கடுக்காகச் சுமத்தப்பட்ட சுமைகளைப் பொறாது மாத்தளை, குருநாகல் பகுதி மக்கள் கிளர்ந்தனர். தேசாதிபதி ரொறிங்டன் இராணுவச் சட்டத்தால் அக்கிளர்ச்சியை நசுக்கினார். அதனை விசாரிக்க 1849இல் அமைந்த பாராளுமன்றத் தெரிவுக்குழுவில் ஓயாது வினவியவர்களுள் ஹியூமும் ஒருவர். 1850இல் ரொறிங்டன் திருப்பியழைக்கப்பட்டார்.

எனினும் ஆலைகளில் வேலைநேரத்தைச் சட்டத்தால் குறைக்கும் மசோதாக்களை எதிர்த்தவரும் இதே ஹியூம்தான். அரசு செலவிடவும் கூடாது, தலையிடவும் கூடாது. இரண்டும் அவர் கண்ணில் ஒன்றே. பிரபுவின் சோம்பேறிப் பதவியைக் கண்டு கொதித்த மனம், பஞ்சாலைச் சிறுவனின் நீண்ட வேலைநாளைக் கண்டு கொதிக்கவில்லை. இதனைத் தனிமனிதரின் குறையெனக் கொள்ளாது, எழுச்சியுற்றுவந்த முதலாளி வர்க்கத்தின் சிக்கனம் சென்று நின்ற எல்லை எனக் கொள்ளல் தகும்.

அவ்வெல்லை எங்கே கிடந்தது என்பதை 1833ஆம் ஆண்டு நன்கு காட்டுகிறது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறிற்று. அடிமைகளை இழந்த உடைமையாளருக்கு நட்டஈடாகப் பாராளுமன்றம் ஒதுக்கிய தொகை 2 கோடி பவுண். அரசாங்கத்தின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. அடிமைகளாய் இருந்தோருக்கு ஒரு சதமும் இல்லை. பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் 1838 வரை அவர்கள் பழைய எசமானருக்கே உழைத்தனர். அதே ஓகஸ்டில், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவதற்கென இங்கிலாந்துப் பாராளுமன்றம் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு தொகை வழங்கிற்று: 20,000 பவுண். ஆயிரத்தில் ஒரு பங்கு! மறுவருடம் புதிய வறியோர் சட்டம் வந்தது. வேலையற்றோர்க்கு ஊர்கள் அளித்த உதவி வீண்செலவெனக் கணிக்கப்பட்டு, அவர்கள் பணிச்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். அடிமை உடைமையாளருக்காகப் பட்ட கடனின் எச்சம் 2015ஆம் ஆண்டில்தான் முற்றாகத் தீர்ந்தது. அதுவரை வரிசெலுத்திய பிரித்தானியத் தொழிலாளர் அனைவரும், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்தோர் உட்பட, அக்கடனை அடைத்தனர்.

கிளாட்ஸ்டன் அமைத்த பொறியமைப்பைச் சுருக்கமாகவே கூறுவோம். 1861இல் பொதுக் கணக்குக் குழு தோன்றிற்று. 1866ஆம் ஆண்டுச் சட்டம் கணக்காய்வுத் தலைவர் பதவியை உருவாக்கி, இரு சபைகளும் கேட்டுக்கொண்டாலன்றி அவரை நீக்க முடியாதவாறு காவலும் அளித்தது. குழுவின் தலைமையை எதிர்க்கட்சியாளர் ஒருவருக்கு அளிப்பது மரபாயிற்று. இவை மெய்யான சாதனைகள். இவற்றை இகழ்வோர் கணக்கே கேட்கப்படாத ஆட்சிகளின் கீழ் வாழ்ந்து பார்த்தல் வேண்டும். ஆயினும் அப்பொறி முதற்கண் கேட்ட கேள்வி ஒன்றே: வாக்களித்த காரியத்துக்குப் பணம் செலவாயிற்றா? அக்காரியம் தகுமா என்பது அதன் வேலையன்று.

ஏறத்தாழ அதே காலத்தில், 1864 நவம்பரில், இலங்கைச் சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் பதவி துறந்தனர். ஏகாதிபத்தியப் படைகளின் செலவைச் சபையின் இசைவின்றி இலங்கையின் வருவாய்மீது ஏற்றியமையே காரணம். கோரிக்கை நியாயமானதே. ஆனால் முன்னின்ற ஜோர்ஜ் வோல் முதலியோர் பணத்தை வேண்டியது கோப்பித் தோட்டங்களுக்கான வீதிக்கும் இருப்புப்பாதைக்கும் ஆகும். கோப்பிக் காட்டில் முதுகு முறிந்த தமிழ்க் கூலியின் பெயரால் பேச அச்சபையில் ஒருவரும் இலர்.

இருபதாம் நூற்றாண்டிலே சொல் கைமாறுகிறது. 1921இல் பத்திரிகை அதிபர் ரொதர்மியர் பிரபு வீண்செலவு எதிர்ப்பு லீக் என்றொரு கட்சியையே தொடங்கி இடைத்தேர்தல்களில் வென்றார். அஞ்சிய அரசாங்கம் சேர் எரிக் கெடிஸ் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அது பாராளுமன்றக் குழுவன்று. கப்பல், இரயில் முதலாளிகளின் குழு. கல்வியில் மட்டும் 1 கோடி 80 இலட்சம் பவுணை வெட்டும்படியும், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்காது விடும்படியும் அது கூறிற்று. யுத்தக் கடனுக்கான வட்டியோ, எவராலும் வீண்செலவென்று சொல்லப்படவில்லை.

1931இல் இந்நாடகம் மேலும் பெரிய மேடையில் அரங்கேறியது. உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையற்றோர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. தொழிற்கட்சி அரசாங்கம் சபையில் லிபரல்களின் பிரேரணையை ஏற்று, புறுடென்ஷல் காப்புறுதிக் கொம்பனியின் முன்னாட் செயலாளர் சேர் ஜோர்ஜ் மே தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. ஜூலை 31இல், சபை விடுமுறைக்குக் கலைந்த வேளையில், அறிக்கை வெளியாயிற்று. 12 கோடி பவுண் பற்றாக்குறை வரும் என்றது அது; கடனைத் திருப்பிச் செலுத்த ஒதுக்கும் தொகையையும் பற்றாக்குறையோடு சேர்த்து எண்ணியமையாலேயே அவ்வெண் அவ்வளவு பெருத்தது. பரிகாரம்: ஏறத்தாழ 9 கோடி 65 இலட்சம் பவுண் வெட்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு வேலையற்றோரின் உதவிப் பணத்திலிருந்து. ஆசிரியர் சம்பளத்தில் நூற்றுக்கு 20. தொழிற்சங்கத் தரப்பு உறுப்பினர் இருவர் மாற்றறிக்கை எழுதினர். அதனைப் படித்தோர் சிலர்.

உதவிப் பணத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டுவதா என்பதிலே ஓகஸ்ட் 23இல் மந்திரிசபை பிளந்தது. மறுநாள் அரசாங்கம் வீழ்ந்து, அதே மக்டொனால்ட் தலைமையில், பழைமைக் கட்சியின் பலத்தில் நின்ற தேசிய அரசாங்கம் தோன்றிற்று. அது கொண்டுவந்த தேசிய சிக்கனச் சட்டம் சம்பளங்களையும் உதவிகளையும் அரச கட்டளைகள் மூலமே குறைக்க மந்திரிமாருக்கு அதிகாரம் அளித்தது. பணப்பையைக் காப்பதற்கென முந்நூறு ஆண்டு முடியோடு மல்லாடிய சபை, சிக்கனத்தின் பெயரால் அப்பையின் கயிற்றைத் தானே அவிழ்த்துக் கொடுத்தது. தொழிற்கட்சி எதிர்த்தது, பயனில்லை.

தணிக்கை வேறொரு திசையிலிருந்து வந்தது. செப்டம்பர் 15, 16ஆந் திகதிகளில் இன்வர்கோர்டன் துறையில் நின்ற கடற்படைக் கப்பல்களின் மாலுமிகள் நங்கூரம் தூக்க மறுத்தனர். நாட்கூலி 4 ஷில்லிங் பெற்ற மாலுமிக்கு 3 ஷில்லிங் எனத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. சில நாட்களில் இங்கிலாந்து தங்க நாணய முறையையே கைவிட்டது. அம்முறையைக் காப்பதற்காகவே வெட்டுக்கள் வேண்டுமெனக் கூறப்பட்டிருந்தது! வெட்டுக்கள் மட்டும் நின்றுவிட்டன, ஓரளவு தணிந்து. ஆசிரியருக்கு முன்மொழிந்த நூற்றுக்கு 15 வெட்டு 10 ஆயிற்று. மாலுமிகளின் மறுப்பாலே ஆசிரியர் பெற்ற சலுகை அது. வெட்டு முற்றாக நீங்க 1935 வரை சென்றது.

கடல் கடந்து இதே சொல் 1953 ஜூலையில் நமது பாராளுமன்றத்திலும் ஒலித்தது. கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை வீழ்ந்திருந்தது. அரிசி மானியம் தாங்கொணாச் செலவென்று நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தன கூறினார். 25 சதமாயிருந்த ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசி 70 சதமாயிற்று. இரயில், தபால் கட்டணங்கள் ஏறின. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நின்றது. இவ்வரவுசெலவுத் திட்டத்தை ஏற்ற சபை, 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த மலையகத் தொழிலாளர் பங்குபற்றாத தேர்தலில் அமைந்த சபை. 1947இல் அவர்கள் அனுப்பிய ஏழு பிரதிநிதிகளின் இடத்தில் 1952இல் எவரும் இலர். அரிசியின் புதிய விலையை மட்டும் அவர்களும் கொடுத்தனர். ஓகஸ்ட் 12இல் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் ஹர்த்தால் நடந்தது. தண்டவாளங்கள் பெயர்ந்தன, கடைகள் மூடின, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூபவுண்லாந்து என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடி அவசரகால நிலையைப் பிரகடனஞ் செய்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார்.