தண்ணீரில் போட்ட கோடு

கால் டாலர், அதாவது 25 சென்ட். அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில், லிட்டில் ராக் நகரத்துக்கு மேற்கே 12 மைல் தொலைவில் லேக் நிக்சன் என்றொரு ஏரி. 1960களில் அதன் கரையில் 232 ஏக்கரில் ஒரு உல்லாசப் பூங்கா நடந்துவந்தது. நீச்சல், படகு, மணலில் வெயில் காய்வது, பாட்டு, நடனம், பசித்தால் தின்ன ஒரு சிற்றுண்டிக் கடை. வாசலில் கால் டாலர் கொடுத்து அட்டை வாங்கினால் அந்தப் பருவம் முழுக்க நீங்கள் 'உறுப்பினர்'. தோல் மட்டும் வெள்ளையாக இருக்கணும். ஒரு பருவத்துக்குச் சுமார் 1,00,000 பேர் இப்படி உறுப்பினர் ஆனார்கள். கறுப்பர் ஒருவருக்குக்கூட அட்டை கிடைக்கவில்லை.

ஒரு லட்சம் பேர் கூடுகிற இடம் எப்படிங்க தனிப்பட்ட கிளப் ஆகும்? இந்தக் கேள்வியைத்தான் இரண்டு கறுப்பினப் பெண்கள் 1966இல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அதற்கு முன்னால் ஒன்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கறுப்பினப் பெண் சமைத்த சோற்றை வெள்ளைக்காரன் தின்றான். அவள் மடியில் தன் பிள்ளையைப் போட்டு வளர்த்தான். அவளோடு ஒரே தண்ணீரில் இறங்க மட்டும் மாட்டேன் என்றான். நமக்கு இது புதுசு இல்லை. நாற்று நட நம்ம கை வேணும், அறுக்க நம்ம கை வேணும், குளத்தில் நம்ம கால் படக்கூடாது. எங்க ஊர் ஏரியில் படித்துறை ஊர்க்காரங்களுக்கு. கலுங்குக்குக் கீழே வழிஞ்சு ஓடுற தண்ணி சேரிக்கு. கோடு எங்கேயும் போட்டிருக்கவில்லை. ஆனா அது எங்க இருக்குன்னு அஞ்சு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். நிலத்தில் வேலி போடலாம், தெருவில் சுவர் வைக்கலாம். தண்ணீரில் எதை வைப்பது? தண்ணீர் ஒரு உடம்பைத் தொட்டுவிட்டு இன்னொரு உடம்பையும் தொடுகிறது. ஆதிக்கம் அதனால்தான் தண்ணீரைக் கண்டு இப்படிப் பதறுகிறது.

சிகாகோவில் 1919இல் நடந்ததைப் பாருங்கள். மிச்சிகன் ஏரியின் 29ஆம் தெருக் கடற்கரை வெள்ளையருக்கு (ஏரிக்கரைதான், அவர்கள் கடற்கரை என்றே சொல்கிறார்கள்), அதற்கு வடக்கே 25ஆம் தெருப் பக்கம் கறுப்பருக்கு. சட்டத்தில் இப்படி எழுதியிருக்கவில்லை, வழக்கம் அப்படி. ஜூலை 27 அன்று யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் கூட்டாளிகளோடு ஒரு தெப்பத்தில் மிதந்துபோனான். தெப்பம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைத் தாண்டியது. வெள்ளையன் ஒருவன் கல்லெறிந்தான். பையன் மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவனைப் பிடிக்கச் சொல்லி கறுப்பர்கள் கேட்டார்கள், அங்கிருந்த போலீஸ்காரர் மறுத்துவிட்டார். அதிலிருந்து கிளம்பிய கலவரத்தில் 38 பேர் செத்தார்கள், 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர். சுமார் 1,000 கறுப்பினக் குடும்பங்கள் வீடிழந்து நின்றன.

ஏரிக்கரை விடுதிகளில் இடம் கிடைக்காதவர்கள் தங்களுக்கென்று ஒரு ஏரியைத் தேடிக்கொண்டதும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் ஐடில்வைல்ட் என்ற இடம் 1912இலிருந்து கறுப்பரின் கோடை வாசத்தலமாக வளர்ந்தது. டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் அங்கே மனை வாங்கினார், அதைப் புகழ்ந்து எழுதினார். லூயி ஆம்ஸ்ட்ராங் அங்கே வந்து வாசித்தார். கறுப்புடம்பு பயமில்லாமல் தண்ணீரில் இறங்கிய இடம் என்று அதைக் கொண்டாடலாம். எனக்கு முழுசாகக் கொண்டாட வரவில்லை. தனிக் கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டால் பொதுக்கிணற்றைப் பற்றிப் பேச்சே எழாது என்று கணக்குப் போட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

1964 ஜூன் 18. புளோரிடா மாநிலம் செயின்ட் அகஸ்டின் நகரில் மான்சன் என்ற மோட்டல். விடுதி நீச்சல்குளம் விருந்தினருக்கு மட்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ள விதி. இயக்கத்தைச் சேர்ந்த வெள்ளையர் சிலர் முறைப்படி அறை எடுத்துத் தங்கினார்கள். பிறகு கறுப்பினத் தோழர்களை அழைத்து, "இவங்க எங்க விருந்தாளிங்க" என்று குளத்தில் இறக்கினார்கள். விதியை அவர்கள் மீறவில்லை, அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். விடுதிக்காரர் முரியாட்டிக் ஆசிட் பாட்டிலைத் திறந்து குளத்தில் ஊற்றினார். நம்ம ஊரில் கக்கூஸ் கழுவுறது அந்த ஆசிட்தான். நீந்துகிறவர்கள் அலறுகிற அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. மறுநாள் ஜூன் 19 அன்று அமெரிக்க மேலவை குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலை 2 அன்று அது சட்டமானது. விடுதி, உணவகம், கேளிக்கை இடம் எதிலும் நிறம் பார்க்கக்கூடாது.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. உண்மையான தனிப்பட்ட கிளப்புகளுக்கு அது பொருந்தாது. லேக் நிக்சன்காரர்கள் அந்தச் சந்தில்தான் நுழைந்தார்கள். சட்டம் வந்ததும் பூங்கா 'கிளப்' ஆகிவிட்டது, கால் டாலர் அட்டையும் வந்துவிட்டது. கிளப் என்றால் உறுப்பினர்கள் கூடி முடிவெடுக்க வேண்டும், சொத்தில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். இங்கே இரண்டும் கிடையாது. லாபம் முதலாளித் தம்பதிக்கு. கிளப் என்று சொல்லிக்கொண்டே லிட்டில் ராக் ஓட்டல்களில் தங்க வரும் வெளியூர் விருந்தினருக்கான மாதப் பத்திரிகையிலும், விமானப்படைத் தளத்தின் பத்திரிகையிலும், வானொலியிலும் விளம்பரம் கொடுத்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பெண்களின் வழக்கைத் தள்ளிவிட்டன. 1969 ஜூன் 2 அன்று, டேனியல் எதிர் பால் வழக்கில், உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. சட்டத்திலிருந்து தப்பிக்கப் போட்ட வேஷம்தான் இந்தக் கிளப் என்றது.

தீர்ப்பு சென்ற வழியைக் கவனிக்கணும். மனுஷனை மனுஷன் ஒதுக்கக்கூடாது என்ற வழியில் அது போகவில்லை. பொது இடங்களில் சமத்துவம் கேட்ட 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை, தனியார் செய்யும் பாகுபாட்டில் அரசு தலையிட முடியாது என்று 1883இலேயே உச்சநீதிமன்றம் சாய்த்துவிட்டது. அதனால் 1964ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது. ஆகவே நீதிபதிகள் லேக் நிக்சனின் சிற்றுண்டிக் கடைக்குள் போனார்கள். ஹாட் டாக், ஹாம்பர்கர், குளிர்பானம், பால் என்று நாலு பண்டம். ரொட்டிக்கான சாமான் வெளிமாநிலத்தது, குளிர்பானத்தில் கலப்பதும் அப்படித்தான் இருக்கும். ஆக நாலில் மூணு. துடுப்புப் படகுகள் ஒக்லஹோமா கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தவை. கறுப்பினப் பெண் ஏரியில் இறங்கும் உரிமை ரொட்டி மாவின் வழியாக வந்து சேர்ந்தது.

மகாட் நினைவுக்கு வராமல் இருக்குமா? 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். குளம் நகராட்சியுடையது, எல்லோருக்கும் திறந்துவிட்டதாக 1924இலேயே தீர்மானமும் போட்டிருந்தது. சாதி இந்துக்கள் பால், தயிர், சாணம், கோமியம் ஊற்றி 108 குடத்தில் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். பிறகு டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். என்ன வாதம் தெரியுமா? குளம் பொதுச்சொத்து இல்லை, எங்கள் தனிச்சொத்து. லேக் நிக்சன்காரர்கள் சொன்னதை மகாட்காரர்கள் சுமார் 40 வருஷம் முன்னாடியே சொல்லிவிட்டார்கள். 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்பேத்கர் பக்கம் தீர்ப்புச் சொன்னபோதும், தீண்டாமை குற்றம் என்று சொல்லவில்லை. நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம் என்பதை வாதிகள் நிரூபிக்கவில்லை என்றுதான் சொன்னது. ஓட்டலையும் குளத்தையும் குளிக்கும் துறையையும் ஒரே இடத்தில், நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், பார்க்கிறபோது மகாட்டைத் தெரிந்தவனுக்கு அதன் அர்த்தம் தெரியும். அங்கேயும் குளத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. அரசுப் பணத்தில் பராமரிப்பதாகவோ, பொதுமக்களுக்கென்று விடப்பட்டதாகவோ இருக்க வேண்டும்.

லேக் நிக்சன் தீர்ப்பு வந்து இரண்டு வருஷத்தில், 1971இல், இன்னொரு வழக்கு அதே உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகராட்சிக்கு ஐந்து நீச்சல்குளம், நாலு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பருக்கு. எல்லோரையும் சேர்த்து நீந்த விடணும் என்ற நிலை வந்ததும் நகராட்சி நாலு குளத்தை மூடியது. ஐந்தாவது குளம் ஒய்.எம்.சி.ஏ.விடம் குத்தகைக்கு எடுத்தது, அதைத் திருப்பிக் கொடுத்தது. ஒய்.எம்.சி.ஏ. அதை வெள்ளையருக்கு மட்டும் நடத்தியது. இரண்டு தரப்புக்கும்தானே மூடினார்கள், இதில் பாகுபாடு எங்கே என்று 5 நீதிபதிகள் கேட்டார்கள், 4 பேர் ஒத்துக்கொள்ளவில்லை. குளங்கள் மூடியபடியே கிடக்கலாம் என்று தீர்ப்பானது.