ஏரிக்கு அடியில் ஒரு தோல் ஆலை

சிங்கப்பூரில் மெக்பர்சன் பக்கம் போகிறவர்களுக்கு டேனரி ரோடு தெரிந்திருக்கும். பெயரில் தோல் ஆலை இருக்கிறது. தோல் ஊறும் தொட்டியைத் தேடினால் கிடைக்காது. தொழில் போன பிறகும் ஊர்ப் பெயர்கள் இப்படித்தான் எதையாவது பிடித்து வைத்துக்கொள்கின்றன.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. ஒயிட் ஏரியின் கரையில், ஒயிட்ஹால் ஊரை ஒட்டிய சிறிய குடா. அதற்கு டேனரி பே என்று பெயர். அங்கே மிஞ்சியது பெயர் மட்டுமல்ல.

ஒயிட்ஹால் மரம் அறுத்துப் பிழைத்த ஊர். சார்ல்ஸ் மியர்ஸ் என்ற மர வியாபாரி முன்னின்று 1859இல் மனை பிரித்தார். இன்றைக்கும் ஊரில் மூவாயிரம் பேர்கூட இல்லை. ஒயிட் ஆறு கட்டைகளை ஏரிக்குக் கொண்டுவந்தது. ஏரியிலிருந்து கால்வாய் வழியாக மிச்சிகன் பேரேரிக்குப் போய்விடலாம். காடு, தண்ணீர், கப்பல் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். 1860களில் தோல் ஆலை வந்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

காடு என்றால் குறிப்பாக ஹெம்லாக் மரம். அதன் பட்டையில் துவர்ப்பு அதிகம். நம் ஊர்ப் பக்கம் ஆவாரம்பட்டை செய்த வேலையை அங்கே ஹெம்லாக் பட்டை செய்தது. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் போட்டுவைப்பார்கள். செருப்பு அடித்தோல் போன்ற தடித்த தோலுக்கு அவசரம் ஆகாது. அந்தக் காலத்திலும் ஆலை சுத்தமாக இருந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். மயிர், சதை, சுண்ணாம்பு, பட்டைச் சாறு எல்லாம் ஏரிக்குத்தான் போயின. நாற்றம் ஊரையே தூக்கியிருக்கும். ஆனால் மர ஆலைகள் காடு தீர்ந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு போனபின், கூலி கொடுத்தது அந்த நாற்றம்தான். அதைச் சகித்துக்கொள்வதில் ஊருக்கு ஒரு நியாயம் இருந்தது.

1940களில் ஆலை குரோமியத்துக்கு மாறியது. மாதக்கணக்கில் எடுத்த பதம் சில நாளில் முடிந்தது. தோலும் மென்மையாக வந்தது. முதலாளிக்கு லாபம், தொழிலாளிக்கு வேலை, வாங்குபவருக்கு மலிவான ஷூ. யாருக்குமே நஷ்டம் இல்லாத மாதிரி தெரியும். நஷ்டம் ஏரிக்கு அடியில் இருந்தது. குரோமியம் மட்கிப்போகும் பொருள் இல்லை. சேற்றோடு சேர்ந்து படிந்துவிடும். கூடவே ஆர்சனிக். 1970களில் கழிவுநீரை ஏரிக்கு விடுவது நின்றது. ஆனால் விட்டது விட்டதுதான். சேற்றைக் கிளறியபோது தோல் துண்டுகளும் மயிரும் கிடைத்தன.

பழி முழுவதையும் தோல் ஆலைமேல் போடவும் முடியாது. எதிர்க்கரை மாண்டேக்யூவில் ஹூக்கர் ரசாயன ஆலையின் கழிவு நிலத்தடி நீர் வழியாக ஏரிக்கு இறங்கியது. 1980களில் அமெரிக்காவும் கனடாவும் பேரேரிகளில் மிக மோசமாகக் கெட்ட இடங்களைப் பட்டியலிட்டன. மொத்தம் 43 இடங்கள். அதில் இந்தச் சின்ன ஏரியும் ஒன்று.

தோல் ஆலை 2000இல் மூடப்பட்டது. 2002, 2003ஆம் ஆண்டுகளில் டேனரி பேயிலிருந்து சுமார் 65,000 கன மீட்டர் சேற்றை வாரினார்கள். லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 6,500 லாரி. ஊர்க்காரர்களே சேர்ந்த ஆலோசனைக் குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் விடாமல் உட்கார்ந்து பேசியது. 2014 அக்டோபரில் ஒயிட் ஏரி அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது.

பட்டையிலிருந்து குரோமியத்துக்கு மாறிய அதே பாதையில்தான் தமிழகத்தின் பாலாற்றங்கரையும் போனது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தோல் ஆலைகள் வழக்கில், கெடுத்தவரே செலவைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை உறுதிப்படுத்தியது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒயிட்ஹாலில் ஆலை நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. முதல் தொட்டியில் தோலை இறக்கியவன் பேரன் காலத்தில்தான் கணக்கு வந்தது. இடையில் அந்தத் தோலில் செய்த ஷூவை எத்தனையோ பேர் போட்டுத் தேய்த்து எறிந்துவிட்டார்கள். அவர்கள் கொடுத்த விலையில் அந்தச் சேற்றை வாரும் கூலி சேர்க்கப்படவில்லை.

ஆலை வரலாறு எழுதும்போது நாம் வழக்கமாக எத்தனை பேருக்கு வேலை, எத்தனை தோல், எந்த ஆண்டு திறப்பு, எந்த ஆண்டு மூடல் என்று எழுதி முடித்துவிடுகிறோம். ஒயிட்ஹால் கதையை அப்படி 2000இல் முடித்தால் பாதிதான் சொன்னதாகும். மூடிய பிறகும் பதினான்கு ஆண்டுகள் அந்த ஆலைக்காக ஊர் வேலை பார்த்திருக்கிறது.