பேட்டைச் சுவரும் மகமைப் பணமும்

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குப் போகும் கரிசல் காட்டுப் பகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிப்பறிக்குப் பேர்போனது. 1801இல் பாளையக்காரர் போர் ஓய்ந்த பின், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு நாடார் வணிகர்கள் வடக்கே வந்தார்கள். இருட்டினால் வண்டிக்கும் மாட்டுக்கும் சரக்குக்கும் காவல் வேண்டும். அதற்காகச் சுவர் எழுப்பிக் கட்டிய வளாகங்களே பேட்டைகள். விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி ஆகியவை அப்படி வேர்பிடித்த ஊர்கள். வியாபாரி ஒவ்வொருவரும் விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை செலுத்தினார். அந்தப் பொதுப் பணத்தை உறவின்முறை எனப்படும் நாடார் ஊர்ச்சங்கம் கணக்கு வைத்துக் கிணறு, கோயில், பள்ளிக்கூடம் என்று செலவிட்டது.

குற்றம் மலிந்த வட்டாரம் எப்படித் தலையெடுக்கிறது என்ற கேள்விக்கு, ‘காவலைக் கூட்டு’ என்பதே வழக்கமான பதில். இந்தப் பகுதியின் வரலாறு அதை ஏற்கவில்லை. ‘இந்தச் சாதியே திருட்டுச் சாதி’ என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தால் ஊர் திருந்தவில்லை, பகைதான் வளர்ந்தது. அதற்காகச் சுவர் காப்பாற்றியது என்றும் சொல்லிவிட முடியாது. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி நாடார்களுக்கும் மறவர் உள்ளிட்ட பிற சாதியினருக்கும் மூண்ட பூசல், 1899 ஜூன் 6 அன்று சிவகாசியைச் சூறையாடியது. நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. பணமும் கட்டுப்பாடும் இருந்த ஊருக்கே இந்தக் கதி. உள்ளே இருப்பவருக்கு மட்டும் பாதுகாப்பு தரும் அமைப்பு, வெளியே இருப்பவரின் கசப்பைத் தீர்ப்பதில்லை.

அப்படியானால் மகமை வெறும் சாதி நிதிதானே என்று கேட்கலாம். தொடக்கத்தில் அப்படித்தான். ஆனால் அந்தப் பணம் எதில் போய் நின்றது என்றும் பார்க்க வேண்டும். 1889இல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கியது. அந்தப் பள்ளிக்காகப் பெண்கள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைத்தார்கள். வீடு வீடாகத் திரட்டிய அந்தப் பிடியரிசி பள்ளிச் செலவுக்கு உதவியது. பின்னாளில் முதலமைச்சரான காமராஜர் படித்த பள்ளி அது. பிற சாதிப் பிள்ளைகளுக்கும் அதன் கதவு திறந்திருந்தது. ஊருக்குப் பலன் தந்தது பணத்தின் அளவைவிட அந்தத் திறந்த கதவுதான்.

சிவகாசியை நிமிர்த்தியது தீப்பெட்டிதான், மகமை இல்லை என்பது இன்னொரு வாதம். அதிலும் நியாயம் உண்டு. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி கூடியது. அதே ஆண்டு பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் பழகி, 1923இல் ஊரில் தொழிற்சாலை தொடங்கினார்கள். வறண்ட வானிலை தீக்குச்சி உலரத் தோதாக இருந்தது. ஆனால் ஊர் எரிந்த 1899இலும் இதே வானிலைதான். வெயிலைத் தொழிலாக மாற்ற முதலும் நம்பிக்கையும் கற்ற கையும் தேவைப்பட்டன. அவை கூட்டு வாழ்க்கையில் சேர்ந்தவை. அடுத்தடுத்து வந்த அச்சும் பட்டாசும் பல சாதியாருக்கும் கூலி கொடுத்தன. பிழைப்பு ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட இடத்தில் கலவரத்தால் எல்லோருக்கும் நட்டம்.

இந்த வளர்ச்சிக்கு விலையும் இருந்தது. குழந்தைகளின் கையால் உருட்டிய தொழில் என்ற அவப்பெயர் நெடுங்காலம் நீடித்தது. 1996இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி ரூ.20,000 செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கோயில் வாசல் பூசலையும் ஊர்க்கூட்டம் தீர்க்கவில்லை; 1939இன் கோயில் நுழைவுச் சட்டம்தான் வழி திறந்தது. ஆக, ஊர்ப்பணம் செய்ய முடியாததைச் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

நலிந்த குடியிருப்புகளைச் சீரமைக்க இன்று திட்டம் தீட்டுவோர் விளக்குக் கம்பமும் கண்காணிப்புக் கேமராவும் வைப்பதோடு நிற்கலாகாது. அங்கே பொதுப் பணம் எங்கே சேர்கிறது, கணக்கு யார் கையில் இருக்கிறது, அதில் எழும் பள்ளியிலும் வேலையிலும் பக்கத்துத் தெருவுக்குப் பங்கு உண்டா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், அங்கே கட்டப்படுவது இன்னொரு பேட்டைச் சுவர்தான்.